பித்தளைச் செம்பும் பிள்ளையின் ஈரலும்

"அது அவர்கள் குலத்திலேயே இருக்கிறது!"

இந்த ஒரு சொற்றொடரைக் கேட்டுக் கண்ணீர் வடித்த தாய்மார் எத்தனை ஆயிரவர்! தலைப்பிள்ளை வயிறு பருத்து, கண் மஞ்சளித்து, இரண்டு வயது நிரம்புமுன் மாண்டது. அடுத்த பிள்ளையும் தவழ்ந்தது, நடந்தது, மழலை பேசிற்று. பின் அதன் வயிறும் பருத்தது. மூன்றாவது பிள்ளையைக் கருவில் சுமந்தபோதே ஊர் பேசத் தொடங்கிவிட்டது. வயிற்றுக் கோளாறு என்றது மாமியார் வீடு. நாகத்தை அடித்த பாவம் என்றான் குறி சொல்வோன். முன்வினை என்று முடித்துவிட்டார் ஏடு பார்ப்பவர். குற்றவாளிக் கூண்டிலே நின்றவள் எப்போதும் ஒருத்திதான், பெற்றவள்!

நாம் இங்கு கூறப்போவது கதையன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட மருத்துவ வரலாறு. ஈரல் குலைக்கட்டி என்று தமிழகத்துப் பாட்டிமார் அஞ்சி அழைத்த நோயின் வரலாறு. மருத்துவ நூல்கள் அதனை இந்தியக் குழந்தை ஈரல் சுருக்க நோய் என்று குறித்தன. பிறப்பின்மீது சுமத்தப்பட்ட பழி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இந்நோயின் வரலாறு காட்டுவதுபோல் வேறொன்று காட்டுவது அரிது.

1887ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சென் என்னும் மருத்துவர் இந்நோயை முதன்முதல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். பின்னர் கிப்பன்ஸ் என்னும் மருத்துவரும் அதே நகரத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். நோயின் போக்கு எல்லா இடத்தும் ஒன்றே. ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரையுள்ள பிள்ளைகளையே அது பற்றும். அவர்களுள்ளும் ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்டவர்களே பெரும்பாலோர். தொடக்கத்தில் காய்ச்சல் வந்து போகும், பசி மந்தப்படும், பிள்ளை சிடுசிடுக்கும். தாய்க்கு ஐயம் எழுமுன் ஈரல் வளர்ந்துவிடும். விலாவுக்குக் கீழே கை வைத்தால் இலை ஓரம் போலக் கூரிய விளிம்புடன் கல்லாய்க் கெட்டிப்பட்ட ஈரல் தட்டுப்படும். பிறகு மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், உணர்விழப்பு, சாவு! நோய் முற்றிய நிலையில் வந்த பிள்ளைகளுள் பிழைத்தவர் மிகச் சிலரே. பலருடைய முடிவு சில திங்களுக்குள் நேர்ந்துவிட்டது.

கல்கத்தாவிலும், சென்னையிலும், மைசூரிலும், பம்பாயிலும், பஞ்சாபிலும் குழந்தை மருத்துவமனைகளில் இந்நோய் அன்றாடக் காட்சியாயிற்று. செய்தித்தாள்களின் பக்கங்களிலே ஈரல் மருந்து விளம்பரங்கள் மலிந்தன. சீசா சீசாவாய் மருந்து விற்றது. பிள்ளைகளோ மாண்டுகொண்டே இருந்தன.

ஆய்வாளர் என்ன செய்தனர்? அவர்களைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று, அவர்கள் உழைத்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தனிக்குழு ஒன்றை அமைத்து 1955இல் அறிக்கை வெளியிட்டது. சென்னையின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ஆச்சார், தம் உடனாய்வாளர்களோடு 1960இல் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அத்தகையோர் கண்ணில் மீண்டும் மீண்டும் பட்டவை மூன்று செய்திகள். முதலாவது, நோய் ஒரே குடும்பத்தில் அண்ணனையும் தம்பியையும் அடுத்தடுத்துத் தாக்கிற்று. இரண்டாவது, நெருங்கிய உறவில் மணம் செய்தோர் பிள்ளைகளும் நோயாளிகளிடையே காணப்பட்டனர். மூன்றாவது, ஏழையின் குடிசையைவிட நடுத்தர வாழ்வுடைய வீடுகளில், அவற்றுள்ளும் புலால் உண்ணாத இந்துக் குடும்பங்களில் அது மிகுதி என்று பல அறிக்கைகள் கூறின.

இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவருக்கு என்ன தோன்றும்? குருதியில் ஓடும் நோய் என்றே தோன்றும்! குடும்பத்தில் வருகிறது, உறவு மணத்தில் வருகிறது, குறிப்பிட்ட குலத்தாரிடம் வருகிறது, எனவே பிறப்பில் வருகிறது என்று முடிவு கட்டுதல் எளிது. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த நாட்டிலே அந்த முடிவு இன்னும் எளிதாக நெஞ்சில் இறங்கிற்று. குறி சொல்வோன் விதி என்றான். கற்றவர் பரம்பரை என்றனர். சொல் வேறு, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பெற்ற ஆறுதல் ஒன்றே, அதாவது யாதுமில்லை!

ஆனால், ஒரு குடும்பத்தார் பகிர்ந்துகொள்வது குருதியை மட்டுமா? அடுப்பையும் பகிர்கின்றனர். கிணற்றையும் பகிர்கின்றனர். பாட்டி கொடுத்த பால் செம்பையும் பகிர்கின்றனர்! உறவில் மணம் முடிக்கும்போது பெண்ணோடு சீர்வரிசைப் பாத்திரமும் அதே வழக்கமும் உடன் வருகின்றன. ஒரு சாதியார் என்போர் ஒரு மரபினர் என்பதைக் காட்டிலும் ஒரு வகைச் சமையலறையினர் என்பதே உண்மைக்கு அண்மையது. இந்தக் கேள்வி எழ நெடுங்காலம் ஆயிற்று.

இடையில் குற்றம் சாட்டப்பட்டவை பல. நெய்யும் இனிப்பும் மிகுதியாய் ஊட்டியதே காரணம் என்றனர் சிலர். சத்துக்குறைவு என்றனர் வேறு சிலர். நோய்க்கிருமி என்னும் கருத்து சில காலம் ஓங்கி நின்றது. வேர்க்கடலையில் பூக்கும் பூஞ்சையின் நஞ்சாகிய அஃப்ளடாக்சின் காரணமாகலாம் என்று மைசூர் ஆய்வாளர்கள் 1971இல் எழுதினர். அந்த நஞ்சு ஈரலுக்குத் தீங்கானதே; எனினும் குலைக்கட்டியின் புதிர் அதனால் அவிழவில்லை.

அவிழ்த்தது ஒரு சாயம்! ஆர்சீன் என்னும் சாயத்தை ஈரல் துணுக்கின்மீது ஏற்றினால், செம்பைப் பற்றிக்கொண்டுள்ள புரதம் பழுப்புத் துகள்களாய்த் தெரியும். இந்நோயால் தாக்குண்ட இந்தியப் பிள்ளைகளின் ஈரலில் அத்தகைய துகள்கள் நிறைந்து கிடப்பதை 1978இல் இலண்டன் ஆய்வாளர் குழு ஒன்று வெளியிட்டது. அக்குழுவில் ஒருவரான டானர் என்னும் மருத்துவர், அடுத்த ஆண்டே ஈரலின் செம்பளவை எடுத்துக் காட்டினார். நலமுள்ள ஈரலில், உலர்ந்த எடைக்கு ஒரு கிராமுக்கு ஐம்பது மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு, இப்பிள்ளைகளிடம் பல நூறாகவும் ஆயிரத்துக்கு மேலாகவும் ஏறி இருந்தது. செம்பை ஈரலில் குவிக்கும் நோய்களுள் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சில.

செம்பு எங்கிருந்து வந்தது? தாய்ப்பாலிலிருந்தா? அதில் செம்பு மிகச் சிறிது. பசும்பாலில் அதனினும் குறைவு. மண்ணிலிருந்தா? காற்றிலிருந்தா? வந்த வழி எல்லோர் கண்ணெதிரிலும் விளக்கித் துடைத்துப் பளபளவென்று அடுக்கி வைக்கப்பட்டிருந்தது!

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ பாலை ஊற்றிக் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து, மீண்டும் சுடவைத்துக் கொடுத்தால் பால் அந்த உலோகத்தை இழுத்துக்கொள்கிறது. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் செம்பைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். நிறம் மாறாது, நாற்றம் வராது. குழந்தை குடிக்கும்; தாய் மகிழ்வாள். புனே நகரத்துக் கே.இ.எம். மருத்துவமனையின் பாவே, பண்டிட் ஆகியோர் டானருடன் சேர்ந்து வீட்டு வழக்கங்களை வினவினர். நோயுற்ற பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் முன்னதாகவே நிறுத்தப்பட்டு அல்லது குறைக்கப்பட்டு, பித்தளையிலோ செம்பிலோ வைத்த விலங்குப்பால் பிறந்த சில திங்களிலேயே தொடங்கப்பட்டிருந்தது. நோயற்ற ஒத்த வயதுப் பிள்ளைகளிடம் இவ்வழக்கம் மிகக் குறைவு. 1983இல் இது வெளிவந்தது. 1987இல் வெளிவந்த விரிவான ஒப்பீடும் அதையே காட்டிற்று.

பிறந்த குழந்தையின் ஈரலைப் பற்றி இங்குச் சிறிது கூறவேண்டும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது செம்பைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. பிறக்கும் நாளில் வளர்ந்தவர் ஈரலைவிடச் செம்பு அதில் மிகுதி. தாய்ப்பாலில் செம்பு குறைவாயிருக்கும் முதல் திங்களில் அந்தச் சேமிப்பே செலவாகிறது. மிகுந்த செம்பை உடலினின்று வெளியேற்றும் வாயில் பித்தநீர். அந்த வாயிலோ பச்சிளம் பருவத்தில் முழுதும் திறந்திராது. இருப்பு நிறைந்த களஞ்சியம், கதவோ ஒருக்களித்தது. அதன்மேல் நாள்தோறும் வண்டி வண்டியாய்ச் சரக்கு வந்து இறங்கினால் என்னாகும்? மூத்தவர் அதே செம்புப் பாலைக் குடித்தும் நலமாயிருந்தது ஏன் என்பதற்கு விடையின் பெரும்பகுதி இதுவே.

ஏழையின் குடிசை தப்பியதும் இதனால் விளங்குகிறது. அவள் வீட்டில் பசு இல்லை. பசு இருந்தால் பால் விற்பனைக்குப் போயிற்று. தன் பாலையே பிள்ளைக்குக் கொடுத்தாள். மண்சட்டி உடைந்தால் அடுத்துக் கிடைத்தது அலுமினியம். இல்லாமை அவள் பிள்ளையை எத்தனையோ வழிகளில் கொன்றது; இந்த ஒரு வழியில் மட்டும் கொல்லவில்லை. ஊட்டத்துக்கென்று வாங்கிய பாலும், பெருமைக்கென்று வைத்த பாத்திரமும் சேர்ந்து வசதியுள்ளவன் தொட்டிலைக் காலி செய்தன.

நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர் என்று சிலர் சினங்கொள்ளக்கூடும். உண்மை, அறிந்தே இருந்தனர்! "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது!" என்று தெருத் தெருவாய்க் கூவி வந்த உழைப்பாளியை நினைத்துப் பாருங்கள். புளிக்குழம்பு பித்தளையில் களிம்பேறும், கைத்துப்போகும் என்று கண்டு, வெள்ளீயத்தைத் தணலில் உருக்கி நவச்சாரம் தூவிப் பஞ்சால் தேய்த்து உட்புறம் பூசும் வழக்கத்தை நம் ஊரார் கைக்கொண்டனர். அந்த வெண்பூச்சு இருக்கும் வரை செம்பு பாலுக்குள் இறங்காது. ஆனால் புளிக்கு அஞ்சியவர் பாலுக்கு அஞ்சவில்லை; பாலில் கைப்புத் தெரியாதன்றோ! பூச்சு தேய்ந்த பிறகும் பால் அதே பாத்திரத்தில் காய்ந்தது. சாதியேணியில் கீழே தள்ளப்பட்ட, கரிபடிந்த கையுடைய அந்த ஈயம் பூசுவோன், எத்தனை பிள்ளைகளைத் தன்னையறியாமலே காத்தான் என்பதை எவரும் கணக்கிடவில்லை.

அப்படியானால் பிறப்புக்கு இதில் பங்கே இல்லையா? இல்லை என்று முழங்கிவிட்டு அமர்தல் நமக்கு எளிது. உண்மை அதைவிடச் சற்றுச் சிக்கலானது. சிக்கலை மறைப்பது பகுத்தறிவாகாது.

ஆல்ப்ஸ் மலைச்சாரலில், ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த டிரோல் என்னும் பகுதி உண்டு. அங்கே 1900 முதல் 1974 வரை 138 கைக்குழந்தைகள் நம் நாட்டு நோயையே ஒத்த ஈரல் சுருக்கத்தால் மாண்டனர் என்பதை முல்லர் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் 1996இல் வெளியிட்டனர். நாகதோஷம் அங்கே எப்படிப் போயிற்று என்று குறி சொல்வோரைக் கேட்க நமக்கு ஆவல்! அங்கும் ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் பசும்பாலைக் காய்ச்சிப் பிள்ளைக்கு ஊட்டினர். பாத்திரம் மாறியது, நோய் மறைந்தது. ஆனால் ஆய்வாளர் அந்தக் குடும்பங்களின் வழிமுறையை வரைந்து பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. ஒரே வகைப் பாத்திரம் பல வீடுகளில் இருந்தும் எல்லாப் பிள்ளைகளும் சாகவில்லை. நோய் தோன்றிய விதம், தாய் தந்தை இருவரிடமிருந்தும் மறைந்து வரும் மரபணு ஒன்றைப் பெற்ற பிள்ளைகளையே அது தாக்கிற்று என்னும் கணக்கோடு ஒத்திருந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் மூன்று ஊர்களின் குடிநீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேற்பட்ட செம்பு இருந்தது. 1969 முதல் 1991 வரை அவ்வூர்களில் இறந்த, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சாவுக் காரணங்களைத் துருவிப் பார்த்தனர். ஈரல் நோயால் ஒரு பிள்ளையும் இறந்திருக்கவில்லை என்று 1994இல் எழுதினர். மறுபுறம், ஜெர்மனியில் செப்புக் குழாய் வழியே வந்த புளிப்புத்தன்மையுள்ள கிணற்று நீரால் கைக்குழந்தைகள் ஈரல் கெட்டு மாண்ட செய்திகள் 1980களில் வெளிவந்தன. ஒரே செம்பு; ஓரிடத்தில் கொன்றது, ஓரிடத்தில் கொல்லவில்லை. தனியே செம்பு மட்டும் போதாது, அதைத் தாங்கமாட்டாத பிறவி அமைப்பும் சேரவேண்டும் போலும் என்று பலர் கருதுவதற்கு இவையே காரணம். இந்தியாவிலும் செம்பு ஒன்றே காரணம் என்பதை ஏற்காத ஆய்வாளர் இருந்தனர். அவ்வழக்கு முற்றும் தீர்ந்துவிடவில்லை. அந்த மரபணு எது என்பதும் பிடிபடவில்லை. வில்சன் நோய்க்குரிய மரபணு டிரோல் நோய்க்குக் காரணமன்று என்பது மட்டும் 1998இல் தெளிவாயிற்று.

வில்சன் நோயைப் பற்றி ஒரு சொல். 1912இல் கின்னியர் வில்சன் என்னும் மருத்துவர் விளக்கிய அந்நோய் ஐயத்துக்கிடமின்றிப் பரம்பரை நோயே. செம்பைப் பித்தநீருக்குள் தள்ளும் இறைப்பான் போன்ற புரதம் ஒன்று ஈரலில் உண்டு. அதனை ஆக்கும் மரபணு, 13ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பது, 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. பழுதுற்ற படியைத் தாயும் தந்தையும் ஆளுக்கொன்று சுமந்தால் அவர்களுக்கு நோயில்லை. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் உண்டு. எந்தப் பாத்திரத்தில் பால் குடித்தாலும் செம்பு சேரும். ஆனால் பாருங்கள்: முழுக்க முழுக்கப் பிறவியில் வந்த இந்நோய்க்கு மருந்து உண்டு! பெனிசிலின் உட்கொண்டோர் சிறுநீரில் பெனிசிலமைன் என்னும் பொருளைக் கண்ட ஜான் வால்சு, அது செம்பைக் கவ்வி வெளியேற்றும் என்று உணர்ந்து 1956இல் வில்சன் நோயாளிகளுக்குக் கொடுத்த வரலாற்றை வெளியிட்டார். பரம்பரை என்றால் தீராது என்று பொருளன்று. குலைக்கட்டிக்கும் அதே மருந்தைப் புனே மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தனர். மஞ்சள் காமாலை முற்றுமுன் வந்த பிள்ளைகள் பலர் பிழைத்தனர். நெடுங்காலம் கழித்து ஆய்ந்தபோது, பிழைத்தவர்களுள் சிலரின் ஈரல் ஏறத்தாழ இயல்பு நிலைக்கே திரும்பியிருந்தது. கல்லாகிப்போன ஈரல் மீளும் என்று அதற்குமுன் யார் நம்பினர்?

பெயரால் வரும் குழப்பம் ஒன்றையும் குறித்துவிடுவோம். வட அமெரிக்க இந்தியக் குழந்தை ஈரல் சுருக்கம் என்றொரு நோய் மருத்துவ நூல்களில் உண்டு. அந்த இந்தியர் நாமல்லோம். கொலம்பசு வழி தவறியதால் அப்பெயர் பெற்ற கனடா நாட்டுப் பழங்குடியினர், கியூபெக் மாநிலத்தின் வடமேற்கில் வாழ்பவர். அவர்கள் பிள்ளைகளின் நோய்க்கும் செம்புக்கும் தொடர்பில்லை. 16ஆம் நிறமூர்த்தத்து மரபணு ஒன்றின் மாற்றமே காரணம் என்று 2002இல் கண்டனர். பெயர் ஒன்று, நோய் வேறு, காரணம் வேறு. குலம் கோத்திரம் பார்த்து நோய்க்குக் காரணம் கூறுவோர் இதைச் சற்று எண்ணுக.

இனி நம் நாட்டு நோய் எப்படி மறைந்தது? பரிகாரம் செய்தா? இல்லை. புனேப் பகுதியில் மருத்துவர்கள் வீட்டாரை அழைத்து, பிள்ளையின் பாலுக்குப் பித்தளையும் செம்பும் வேண்டா, தாய்ப்பாலை நிறுத்தாதீர் என்று சொல்லினர். நாடெங்கும் அதைவிடப் பெரிய மாறுதலொன்று, எவரும் பிரசாரம் செய்யாமலே நடந்துகொண்டிருந்தது. எவர்சில்வர் வந்தது! விளக்க எளிது, ஈயம் பூச வேண்டா என்று இல்லத்தரசிகள் பித்தளையைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டு எவர்சில்வர் வாங்கினர். 1970களுக்குப் பின் நோய் தேயத் தொடங்கிற்று. 1990களில் பல மருத்துவமனைகளில் அது காணக்கிடைக்காத நோயாயிற்று. உலோகம் மாறிற்று, குருதி மாறவில்லை. அதே குலம், அதே கோத்திரம், அதே உறவு மணம், பிள்ளைகள் பிழைத்தனர்! பிறவிக் கூறு ஒன்று இருந்தது என்றே வைத்துக்கொள்வோம்; அது இன்றும் அக்குடும்பங்களில் இருந்தே தீரவேண்டும். உறங்குகிறது, எழுப்புவதற்குச் செம்பு இல்லை.

ஆகவே, குலத்தில் இருக்கிறது என்று கூறியவர் முற்றும் பொய் கூறினார் என்று நாம் சொல்லவில்லை. அதற்குமேல் தேடாமல் நின்றாரே, அதைச் சொல்லுகிறோம். தாயை மட்டும் சுட்டினாரே, அதைச் சொல்லுகிறோம். மறைந்து வரும் மரபணு நோயில் தந்தையின் பங்கு சரிபாதி. எந்த ஊரிலாவது பிள்ளை மாண்டதற்காக ஆண்மகனை விலக்கி வைத்து வேறு கணவன் தேடியதுண்டா?

தமிழ்நாடு இன்றும் உறவுமுறைத் திருமணம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்று. மாமன் மகள், அக்காள் மகள் என்று கொண்டு கொடுக்கும்போது, இருவரும் ஒரே பாட்டனிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. குலைக்கட்டி போய்விட்டது; வில்சன் நோய் போகவில்லை, அதுபோன்ற வேறு பிறவி ஈரல் நோய்களும் போகவில்லை. ஒரு பிள்ளைக்கு வில்சன் நோய் என்று தெரிந்தவுடன் உடன்பிறந்தோர் அனைவரையும், நோய்க்குறி இல்லாவிடினும், குருதியும் சிறுநீரும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். அறிகுறி தோன்றுமுன் மருந்து தொடங்கியவர் நல்வாழ்வு வாழ்கின்றனர். ஆயினும் சோதனைக்கு அழைத்தால், மகளின் திருமணம் தடைப்படும் என்று மறைக்கும் பெற்றோர் உண்டு. பிள்ளையின் ஈரலைவிட ஊரின் வாய் அவர்களுக்குப் பெரிதாகிவிடுகிறது.

இதற்கிடையில் பழமைக்குத் திரும்புவோம் என்னும் பெயரால் பித்தளையும் செம்பும் கடைத்தெருவுக்கு மீண்டும் வந்திருக்கின்றன. செப்புக் குடத்தில் இரவு வைத்த தண்ணீரை வளர்ந்தவர் பருகுவதைப் பற்றி நாம் இங்கே வழக்காடவில்லை. அது வேறு, கைக்குழந்தையின் பால் வேறு. பாட்டியின் பால் செம்பை எடுத்துத் துலக்கிப் பேரனுக்குப் பால் காய்ச்ச விரும்புவோர், முதலில் அதன் உட்புறத்தைப் பார்க்கட்டும். வெண்மையாய் இருக்கிறதா, மஞ்சளாய் மின்னுகிறதா? மஞ்சளாய் மின்னினால் அது பூசைக்கும் காட்சிக்கும் ஆகட்டும், பாலுக்கு ஆகாது. ஈயம் பூசிக்கொள்ளலாமே என்றால், தெருவில் கூவி வந்த அந்த உழைப்பாளி இப்போது பல ஊர்களில் இல்லை. அவன் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர்.